வயிறு சிறுக்கலாம், பசியின் நினைவு சிறுக்காது
உடல்நிறை குறைக்கும் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மாதங்களில் உணவும் மீள்வும்

உடல்நிறையைக் குறைப்பதற்காக வயிற்றில் செய்யப்படும் சத்திரசிகிச்சை இன்று எங்கள் குடும்பங்களுக்குத் தொலைவான விடயம் அல்ல. ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் அக்காவோ மச்சானோ அதைச் செய்துகொண்டதாகத் தொலைபேசியில் செய்தி வருகிறது. கொழும்பில் அரச வைத்தியசாலைகளிலும் தனியார் வைத்தியசாலைகளிலும் இது செய்யப்படுகிறது. இந்தியாவுக்குச் சென்று செய்து திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். செய்தி வந்தவுடன் எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள்: எவ்வளவு செலவு முடிந்தது? எத்தனை கிலோ குறைந்தது?

இனி அவர் எப்படிச் சாப்பிடப் போகிறார் என்ற மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

சத்திரசிகிச்சை ஓரிரு மணித்தியாலங்களில் முடிந்துவிடும். அதன் பயன் நிலைப்பதும் நிலைக்காமற் போவதும் பின்னர் வரும் மாதங்களில் வீட்டுக் குசினியில் தீர்மானிக்கப்படுகிறது. எங்கள் மக்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பொருளாதாரத் தடைக்காலத்தையும், இடம்பெயர்வையும், முகாம் வரிசையையும், 2009இன் கஞ்சியையும் கண்டவர்களின் வீடுகளில் உணவு வெறும் உணவாக இருப்பதில்லை. கோப்பையில் சோற்றை மிச்சம் விடுவது அங்கே குற்றம்போல் உணரப்படுகிறது. அப்படியொரு வீட்டில், நான்கு மேசைக்கரண்டி உணவோடு நிறுத்த வேண்டிய ஒருவர் எப்படி மீள்வது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

பட்டினியும் பருமனும்

பசி கிடந்த சமூகத்தில் பருமனும் நீரிழிவும் எப்படி வந்தன என்று பலர் வியக்கிறார்கள். இவை இரண்டும் எதிரெதிரானவை அல்ல என்பதை மருத்துவம் ஏற்கனவே கண்டிருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944 - 45 குளிர்காலத்தில், நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதை ஜேர்மனியப் படைகள் தடுத்தன. ஒருவருக்குக் கிடைத்த பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் கீழே விழுந்தது. அந்தப் பட்டினிக்காலத்தில் தாயின் கருவில் இருந்தவர்களைப் பல தசாப்தங்களின் பின்னர் ஆராய்ந்தபோது, குருதியிலுள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அவர்களிடம் குறைந்திருந்தது தெரியவந்தது. பற்றாக்குறைக்குப் பழகிய உடல் பின்னர் தாராளமான உணவைச் சந்திக்கும்போது அதைக் கொழுப்பாகச் சேமிக்கிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கங்களில் ஒன்று.

தெற்காசியர்களின் உடல்வாகும் இதனுடன் சேர்கிறது. எங்களுக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றியே கூடுதலாகப் படிகிறது. ஐரோப்பியர்களைவிடக் குறைந்த உடல்நிறையிலேயே நீரிழிவு தொடங்குகிறது. இதனால்தான் பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டல், தெற்காசியர் உள்ளிட்ட சில சமூகங்களுக்குச் சத்திரசிகிச்சைக்கான உடற்திணிவுச் சுட்டி எல்லையை 2.5 அலகுகள் குறைத்து வைத்திருக்கிறது. 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டல், ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே சத்திரசிகிச்சையை ஒரு தெரிவாக முன்வைக்கலாம் என்கிறது.

எனவே இந்தச் சத்திரசிகிச்சைக்கு ஒருவர் செல்வதைச் சோம்பேறித்தனம் என்றோ, வாயைக் கட்டத் தெரியாததன் விளைவு என்றோ பேசுவது தவறு. உடலின் வரலாறும் அதில் இருக்கிறது.

உள்ளே என்ன மாறுகிறது?

பரவலாகச் செய்யப்படும் முறைகள் இரண்டு. முதலாவது ‘சிலீவ்’ எனப்படும் இரைப்பைக் குறைப்பு. இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ வெட்டி அகற்றப்படுகிறது. வாழைப்பழ வடிவிலான ஒரு குழாயே எஞ்சுகிறது. அதன் கொள்ளளவு சுமார் 100 முதல் 150 மில்லிலீற்றர். பசியைத் தூண்டும் கிறெலின் என்ற ஓமோன் பெரும்பாலும் அகற்றப்பட்ட அந்தப் பகுதியில்தான் சுரக்கிறது. ஆகவே முதல் மாதங்களில் பசியே இல்லை என்று பலர் சொல்வது உண்மைதான்.

இரண்டாவது ‘பைபாஸ்’ எனப்படும் மாற்றுவழி. இரைப்பையின் மேற்பகுதியில் 30 மில்லிலீற்றர் அளவில் ஒரு சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதி ஒன்றுடன் இணைக்கப்படுகிறது. உணவு எஞ்சிய இரைப்பையையும் முன்சிறுகுடலையும் தொடாமலே செல்கிறது. இரும்பும் கல்சியமும் பெருமளவு உறிஞ்சப்படும் இடம் அந்த முன்சிறுகுடல் என்பதை நினைவில் வைக்க வேண்டும். உடல்நிறைக்கான இத்தகைய சத்திரசிகிச்சையை 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர் எட்வர்ட் மேசன். புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்த நோயாளர்கள் மெலிவதைக் கவனித்ததே அவருக்கு வழிகாட்டியது.

இரண்டு முறைகளிலும் முதல் ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டில் மொத்த நிறையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு வரை இறங்குவது வழமை. 100 கிலோ இருந்தவர் 70 - 75 கிலோவுக்கு வரலாம். அதன் பின்னர் சிறிதளவு ஏறுவதும் வழமையே. சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வு, சத்திரசிகிச்சை செய்தவர்களிடையே இறப்பு குறைந்திருந்ததை 2007இல் வெளியிட்டது. பலரின் நீரிழிவும் கட்டுக்குள் வருகிறது. பயன் உண்மையானது. ஆனால் அதற்கான விலை வாழ்நாள் ஒழுங்கு.

முதல் எட்டு வாரங்கள்

உள்ளே வெட்டி இணைத்த இடங்கள் ஆறுவதற்குக் காலம் வேண்டும். அதனால் உணவு படிப்படியாகவே கூட்டப்படுகிறது. நாட்கணக்கு வைத்தியசாலைக்கு வைத்தியசாலை சற்று மாறும். உங்களுக்குத் தரப்பட்ட அட்டவணை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பொதுவான ஒழுங்கு இதுதான்.

முதல் ஓரிரு நாட்கள் தெளிந்த திரவங்கள்: தண்ணீர், வடித்த சூப், சீனி போடாத வெளிறிய தேநீர். இரண்டாம் வார இறுதிவரை கட்டியற்ற திரவங்கள்: ஆடை நீக்கிய பால், மோர், வடித்த பருப்புத் தண்ணீர், அரித்த கோழிச் சூப், சர்க்கரை சேர்க்காத புரதமா. மூன்றாம், நான்காம் வாரங்களில் கூழ்ப்பதம்: மசித்த பருப்பு, தயிர், குழைத்த முட்டை, முள் நீக்கி அரைத்த மீன். ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரை மென்மையான உணவு: அவித்த மீன், முட்டை, நன்றாக வெந்த மரக்கறி, பயறு. அதன் பின்னர்தான் வழமையான உணவு, அதுவும் சிறிய அளவில்.

இங்கே எங்கள் வீடுகளில் ஒரு தவறு எளிதில் நிகழும். நோயாளி என்றாலே கஞ்சி வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். கஞ்சி இறங்கும், தொந்தரவு தராது என்பது சரி. ஆனால் வெறும் அரிசிக் கஞ்சியில் புரதம் மிகக் குறைவு. நாள் முழுவதும் குடிக்கக்கூடிய சிறிய அளவில் கஞ்சியே இடத்தைப் பிடித்துவிட்டால் உடல் தன் தசையையே கரைக்கத் தொடங்கும். கஞ்சி கொடுப்பதென்றால் பயறோ பருப்போ சேர்த்துக் காய்ச்சி, நன்றாக அரித்து, ஆடை நீக்கிய பால்மா இரண்டு மேசைக்கரண்டி கலந்து கொடுங்கள். தேங்காய்ப்பாலை இந்த வாரங்களில் தவிருங்கள்.

நான்கு முதல் ஆறு வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது. கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, அரிசி மூட்டை தூக்குவது, காஸ் சிலிண்டரை நகர்த்துவது எல்லாம் இதில் அடங்கும். பெண்கள் தலைமை தாங்கும் வீடுகளில் இந்த வேலைகளுக்கு வேறு கை இருக்காது. சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுக்கும் முன்னரே அந்த ஆறு வாரங்களுக்கு யார் உதவுவார் என்பதைப் பேசி முடிவெடுக்க வேண்டும். நடப்பது மட்டும் முதல் நாளிலிருந்தே அவசியம். காலில் குருதி உறைவதை அது தடுக்கும்.

கோப்பையில் முதலில் எது?

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். பலருக்கு 80 கிராம்வரை பரிந்துரைக்கப்படும். புரதம் குறைந்தால் தசை கரையும், காயம் ஆறத் தாமதிக்கும், களைப்பு வாட்டும். மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் பலருக்கு முடி கொட்டும். வேகமான நிறை இழப்பே இதற்கு முக்கிய காரணம், பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். ஆனால் புரதமும் இரும்பும் குறைந்திருந்தால் நிலைமை மோசமாகும்.

எங்கள் கடைகளில் கிடைக்கும் உணவிலேயே இந்த அளவை எட்டலாம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம். 75 கிராம் சமைத்த மீனில் சுமார் 17 கிராம். அதை இரண்டு வேளை எடுத்தால் 34. பால் 300 மில்லிலீற்றரில் 10 கிராம். 100 கிராம் தயிரில் 4 கிராம். அரைக் கப் கட்டியான பருப்பில் 8 கிராம். கூட்டினால் 62 கிராம். இவற்றை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரிக்க வேண்டும்.

உண்ணும் ஒழுங்கு முக்கியம். முதலில் மீன், முட்டை அல்லது பருப்பு. அடுத்தது மரக்கறி. இடம் இருந்தால் மட்டும் சோறோ இடியப்பமோ. எங்கள் வழக்கத்தில் சோறு மலையாகவும் கறி ஓரமாகவும் இருக்கும். அதைத் தலைகீழாக்க வேண்டும். ஒவ்வொரு வாயையும் இருபது, முப்பது தடவை மென்று, ஒரு வேளைக்கு இருபது முதல் முப்பது நிமிடம் எடுங்கள். சிறிய தேக்கரண்டி இதற்கு உதவும்.

சில உணவுகள் முதல் மாதங்களில் சிக்கிக்கொள்ளும். புதுப் பாண், உலர்ந்த பிட்டு, குழைந்து ஒட்டும் சோறு, நாரான ஆட்டிறைச்சி, கணவாய் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. சிக்கினால் நெஞ்சுக்கு நடுவே அழுத்தமும், நுரை நுரையாக எச்சிலும் வரும். அப்போது தண்ணீர் குடித்து இறக்க முயலாதீர்கள். நிறுத்திவிட்டு நிமிர்ந்து இருந்து, சற்று நடந்து, அது இறங்கும்வரை காத்திருங்கள். பிட்டு வேண்டுமென்றால் மூன்றாம் மாதத்தின் பின்னர், மீன் குழம்பில் நன்றாக ஊறவைத்து இரண்டு கரண்டி போதும். ஒடியற்கூழும் அப்படியே. மீனும் பயற்றங்காயும் சேர்ந்த அது நல்ல உணவுதான். உறைப்பைக் குறைத்துச் சிறு கிண்ணத்தில் எடுங்கள்.

சைவ உணவு உண்பவர்களும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் வீட்டில் மச்சம் சமைக்காதவர்களும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். சோயாமீற், கடலை, பயறு, தயிர், ஆடை நீக்கிய பால்மா ஆகியவை புரதத்தை ஈடுசெய்யும். கந்தசஷ்டி போன்ற நீண்ட உபவாசங்களையும் தண்ணீர் அருந்தா விரதங்களையும் முதல் ஆண்டில் தவிர்ப்பதே நல்லது. உடல் நலமற்றவருக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்பதை எங்கள் பெரியவர்கள் எப்போதும் ஏற்று வந்திருக்கிறார்கள்.

தண்ணீர் தனி, சாப்பாடு தனி

ஒரு நாளுக்குக் குறைந்தது ஒன்றரை லீற்றர் திரவம் வேண்டும். ஆனால் ஒரே மூச்சில் குடிக்க முடியாது. பக்கத்தில் போத்தலை வைத்து மிடறு மிடறாக நாள் முழுவதும் குடியுங்கள். சாப்பிடும்போது குடிக்க வேண்டாம். சாப்பிட்டு முடிந்து அரை மணித்தியாலம் கழித்தே குடியுங்கள். சிறிய வயிற்றில் தண்ணீர் நிரம்பினால் உணவுக்கு இடமிராது. உணவை அது வேகமாகக் கீழே தள்ளியும் விடும். வன்னி வெயிலில் வேலை செய்பவருக்கு நீரிழப்பு விரைவில் வரும். சிறுநீர் கடும் மஞ்சளாக வந்தால் அதுவே எச்சரிக்கை.

சீனி இன்னொரு சிக்கல். குறிப்பாக பைபாஸ் செய்தவர்கள் சீனி கூடிய தேநீர், நெல்லிரசம், ஐஸ்கிறீம், வட்டிலப்பம், சோடா ஆகியவற்றை எடுத்தால், பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிறு முறுக்கி, வயிற்றோட்டம் வரலாம். சர்க்கரை சிறுகுடலுக்குள் ஒரேயடியாகக் கொட்டப்படுவதே காரணம். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் கழித்து குருதிச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும். வந்த விருந்தாளிக்குச் சீனி போட்ட தேநீரை நீட்டுவது எங்கள் பண்பு. கேட்டுவிட்டு நீட்டுவது இனி அவசியம்.

நீரிழிவுக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு முக்கிய குறிப்பு: உணவு திடீரெனக் குறைவதால் பழைய அளவு மருந்து ஆபத்தாகும். அளவைக் குறைப்பது வைத்தியசாலையை விட்டு வெளியேறும் முன்னரே பேசப்பட வேண்டும். குருதியமுக்கக் குளிசைகளுக்கும் இது பொருந்தும்.

வாழ்நாள் குளிசைகள்

நிறை குறைந்ததும் பலர் செய்யும் பெரிய தவறு, ‘நல்லாய் இருக்கிறேன்’ என்று விற்றமின் குளிசைகளை விட்டுவிடுவது. பற்றாக்குறை மெதுவாக வரும். குருதிச்சோகை ஒரு வருடத்திலும், பி12 குறைபாட்டால் கைகால் விறைப்பு இரண்டு மூன்று வருடங்களிலும், எலும்புத் தேய்வு இன்னும் பிந்தியும் தெரியலாம்.

பொதுவாகத் தேவைப்படுபவை: பலசத்து விற்றமின் குளிசை தினமும், கல்சியம் நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்து, விற்றமின் டி, பி12 தினமும் குளிசையாக அல்லது மாதமொரு ஊசியாக, இரும்பு. மாதவிடாய் வரும் பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம் தேவை. கல்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். இரும்புக் குளிசையைத் தேநீருடன் எடுப்பதும் வீண், தேயிலை அதன் உறிஞ்சலைத் தடுக்கும்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துகளே கிடைக்காமற் போனதை நாம் கண்டோம். இக்குளிசைகளை மாதாமாதம் வாங்க முடியுமா, பக்கத்து மருந்தகத்தில் கிடைக்குமா என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே கணக்கிடுங்கள். வெளிநாட்டு உறவினர் உதவ விரும்பினால், சத்திரசிகிச்சைப் பணத்தோடு நின்றுவிடாமல் குளிசைகளையும் குருதிப் பரிசோதனைகளையும் பொறுப்பேற்கட்டும். மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும் அதன் பின்னர் ஆண்டுதோறும் குருதி பார்க்கப்பட வேண்டும்.

பி1 எனப்படும் தயமின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடலில் இதன் இருப்பு சில வாரங்களுக்கே போதும். முதல் மூன்று மாதங்களில் ஒருவர் விடாமல் வாந்தி எடுத்தால் அது தீர்ந்துவிடும். இதன் பழைய பெயர் பெரிபெரி. பலவீனத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து அது வந்ததாகக் கருதப்படுகிறது. தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களிடம் ஆசியா முழுவதும் காணப்பட்ட நோய் அது. பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சும் நினைவும் குழம்புவது ஆகியவை அறிகுறிகள். தாமதித்தால் மூளைப் பாதிப்பு நிரந்தரமாகலாம். வாந்தியோடு கிராமத்து வைத்தியசாலைக்குச் செல்பவருக்குக் குளுக்கோஸ் சேலைன் ஏற்றப்படுவது வழமை. தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றுவது நிலைமையை மோசமாக்கக் கூடும். ஆகவே ‘இவருக்கு இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்திருக்கிறது’ என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். ஒரு சிறு அட்டையில் சத்திரசிகிச்சையின் பெயரையும் திகதியையும் எழுதி எப்போதும் வைத்திருங்கள்.

போர்க்காயம் உள்ள உடல்கள்

எங்கள் வாசகர்களில் பலரின் உடலில் போரின் அடையாளங்கள் உள்ளன. வெளிநாட்டுக் கையேடுகளில் இவை இருப்பதில்லை. எனவே மூன்று விடயங்களைத் தனியாகக் குறிப்பிடுகிறோம்.

முதலாவது, வயிற்றுக் காயம். எறிகணைச் சிதறலோ சன்னமோ பட்டு முன்னர் வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்திருந்தால், குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கக் கூடும். சிறுதுளை வழியான சத்திரசிகிச்சை இதனால் கடினமாகலாம், நேரம் கூடலாம். அன்றைய மருத்துவக் குறிப்புகள் பலரிடம் இல்லை. எந்த ஆண்டு, எங்கே, என்ன நடந்தது என்பதை வாயாலேனும் முழுமையாகச் சொல்லுங்கள். பழைய கதை என்று மறைக்க வேண்டாம்.

இரண்டாவது, வலிக்குளிசை. உடலில் தங்கிய சிதறல்களாலும் துண்டிக்கப்பட்ட கால்களாலும் தினமும் வலியோடு வாழ்பவர்கள் டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்றவற்றை மருந்தகத்தில் தாமாகவே வாங்கி எடுக்கிறார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு இவை இணைப்பிடத்தில் புண்ணையும் குருதிக்கசிவையும் உண்டாக்கும். புகைத்தல் அந்த ஆபத்தை மேலும் கூட்டும். சிலீவ் செய்தவர்களும் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. பரசிற்றமோலை உரிய அளவில் எடுக்கலாம். அது போதாதென்றால் வேறு வழியை வைத்தியருடன் சத்திரசிகிச்சைக்கு முன்னரே பேசுங்கள்.

மூன்றாவது, செயற்கைக்கால். நிறை குறையும்போது துண்டிக்கப்பட்ட காலின் எஞ்சிய பகுதியும் மெலியும். பொருத்தமாக இருந்த கிண்ணம் தளர்ந்து உராயும். நீரிழிவு உள்ளவருக்குச் சிறு உராய்வுகூட ஆறாத புண்ணாகலாம். கூடுதல் காலுறை தற்காலிகத் தீர்வு மட்டுமே. சில மாதங்களுக்கு ஒருமுறை கால் பொருத்திய நிலையத்துக்குச் சென்று சரிபாருங்கள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு, கொழுப்புப் படை குறைவதால் படுக்கைப்புண் ஆபத்து கூடும். மெத்தையும் புரதமும் இருமடங்கு கவனம் பெற வேண்டும்.

பசியின் நினைவு

சத்திரசிகிச்சை வயிற்றின் அளவை மாற்றுகிறது. ‘நாளைக்குக் கிடைக்குமோ’ என்ற பயத்தை அது தொடுவதில்லை. வேகமாகச் சாப்பிடுவது, கிடைக்கும்போது நிறையச் சாப்பிடுவது, பிள்ளைகள் மிச்சம் விட்டதை வழித்துச் சாப்பிடுவது எல்லாம் ஒரு காலத்தில் உயிரைக் காத்த பழக்கங்கள். அவற்றுக்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் இப்போது அவை வாந்தியையும் வலியையும் தருகின்றன. ‘வீணாகுதே’ என்ற ஒரு கவளம்தான் பலருக்குக் கடைசியில் வாந்தியாக வருகிறது. இதற்கு எளிய வழி, தொடக்கத்திலேயே குறைவாகப் போடுவது. மிச்சத்தை மூடி வைத்து அடுத்த வேளைக்கு எடுக்கலாம். வீணாகவில்லை என்ற நிம்மதியும் கிடைக்கும்.

கேட்கும் வார்த்தைகளும் காயப்படுத்தும். ‘என்ன இப்பிடிக் காய்ஞ்சு போனாய்?’ என்று சந்தியில் கேட்பார்கள். எங்கள் ஊர்களில் மெலிவு என்றால் நோய், துக்கம், முகாம் என்றே மனம் போகும். மெலிந்த தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பழைய நாட்கள் நினைவுக்கு வந்து கலங்குபவர்களும் இருக்கலாம். அதே நேரம், துயரத்துக்கு உணவையே ஆறுதலாகக் கொண்டிருந்தவருக்கு அந்த ஆறுதல் பறிபோகிறது. அந்த இடத்துக்கு மது வந்துவிடும் ஆபத்து உண்டு. பைபாஸின் பின் மது வேகமாகக் குருதியில் ஏறும், மதுப்பழக்கத்துக்கு அடிமையாகும் அபாயமும் கூடும். சத்திரசிகிச்சைக்குப் பின்னரான ஆண்டுகளில் சிலரிடம் மனச்சோர்வும் தன்னைத்தானே வருத்தும் எண்ணங்களும் கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நித்திரையின்மை, தனிமையை நாடுதல், எதிலும் நாட்டமின்மை தெரிந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். இலங்கையில் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

உடனே செல்ல வேண்டிய வேளைகள்

முதல் வாரங்களில் காய்ச்சல், மிக வேகமான நாடித்துடிப்பு, கூடிவரும் வயிற்றுவலி, தோள்வலி, மூச்சுத்திணறல் ஆகியவை உள்ளே கசிவு இருப்பதைக் காட்டலாம். காலில் ஒருபக்க வீக்கமும் வலியும் குருதி உறைவாக இருக்கலாம். ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, கறுத்த மலம், இரட்டைப் பார்வை ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. பைபாஸ் செய்தவருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து திடீரென வயிறு முறுக்கி வலித்தால், குடல் உள்ளே சிக்கியிருக்கக் கூடும். அது அவசர சிகிச்சைக்குரியது. வலப்பக்க மேல்வயிற்றில் வலி என்றால் பித்தப்பைக் கல்லையும் நினைக்க வேண்டும். வேகமாக மெலிபவர்களுக்கு அது கூடுதலாக வரும். அதைத் தடுக்க முதல் ஆறு மாதங்களுக்கு மருந்து தரப்படுவதும் உண்டு.

பெண்கள் 12 முதல் 18 மாதங்களுக்குக் கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். நிறை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதையும், பைபாஸின் பின் கருத்தடைக் குளிசையை முழுமையாக நம்ப முடியாது என்பதையும் புதுமணத் தம்பதியினர் அறிந்திருக்க வேண்டும்.

வீட்டார் செய்யக்கூடியது

வைகாசி மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்படும்போது, சத்திரசிகிச்சை செய்தவரும் அதில் பங்குகொள்ளலாம். இரண்டாம் வாரம் கடந்திருந்தால் நன்றாக அரித்த கஞ்சி ஒரு சில மிடறு அவருக்குப் போதும். சிரட்டை நிறையக் குடிக்க வேண்டும் என்று எவரும் கேட்கப் போவதில்லை.

அதே விளக்கத்தை வீட்டு விருந்திலும் காட்டுவோம். ‘இன்னும் கொஞ்சம் போடட்டோ?’ என்று மூன்றாம் முறை கேட்பதை விடுவோம். அவருக்கென ஒரு சிறு கோப்பையை ஒதுக்குவோம். அவர் மெல்ல மென்று முடிக்கும்வரை கூட இருந்து கதைப்போம். ‘சாப்பிட்டியோ?’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியை விட வேண்டியதில்லை. அதனோடு ‘குளிசை போட்டியோ, தண்ணி குடிச்சியோ, குருதி பார்க்க எப்ப போகவேணும்?’ என்பதையும் சேர்த்துக் கேட்டால், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அவர் நலமாக இருப்பதற்கு அது துணைநிற்கும்.